மீதி நாலு சதவீதம்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் பின்னால், லாரிகள் திரும்பித் திரும்பிக் குழியாகிப்போன சாலையின் முடிவில், 'கையோடு' என்ற ஆன்லைன் கடையின் கிடங்கு இருந்தது. அந்தக் கிடங்கின் பின்கோடியில், தகரக் கூரை தாழ்ந்து வரும் இடத்தில் ஈஸ்வரியின் மேசை. வாங்கியவர்கள் வேண்டாமென்று திருப்பி அனுப்பும் பெட்டிகளெல்லாம் அவளிடம்தான் வந்து சேரும். பெட்டியைப் பிரித்துப் பார்த்து, அனுப்பியவருக்குப் போன் போட்டு, ஏன் வேண்டாம் என்று கேட்டு, காரணத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். அவ்வளவுதான் வேலை.

ஏழு வருஷமாக இதையே செய்ததில், மனிதர்கள் ஒரு பொருளை ஏன் வேண்டாம் என்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரிந்த அளவுக்கு அந்தக் கம்பெனியில் யாருக்கும் தெரியாது. செருப்பு கடிக்கிறது. படத்தில் மாம்பழ நிறமாக இருந்த புடவை கைக்கு வந்ததும் மஞ்சள்காமாலை நிறமாகிவிட்டது. வீட்டுக்காரர் திட்டினார். பஸ்ஸில் வரும்போது குலுக்கலில் ஆர்டர் பட்டனில் விரல் பட்டுவிட்டது. எதிர்வீட்டுக்காரி வாங்கியதைப் பார்த்து வாங்கினோம், இப்போது அவளோடு பேச்சில்லை. இவ்வளவும் ஈஸ்வரிக்கு மனப்பாடம். அவளிடம் யாரும் இதைக் கேட்டதில்லை. இதைத் தெரிந்துகொள்வதற்கென்றே கம்பெனி ஒரு துறையைத் தொடங்கியபோதும் கேட்கவில்லை.

அந்தத் துறையின் பெயர் வாடிக்கையாளர் எண்ண முன்கணிப்பு மையம். பெண்கள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த அறையை இடித்து, அந்த இடத்தில் கண்ணாடியால் ஓர் அறை கட்டினார்கள். உள்ளே தரைவிரிப்பு, நான்கு ஏசி, ஆறு பேர். இயந்திரத்துக்குக் குளிர்ச்சி வேண்டும் என்று முதலில் சொன்னார்கள். இயந்திரம் அங்கே இல்லை, வேறு ஏதோ நாட்டில் இருக்கிறது என்பது பிறகு தெரியவந்தது. இயந்திரம் சொல்வதைப் புரிந்துகொள்கிறவர்களுக்குத்தான் குளிர்ச்சி வேண்டியிருந்தது. பெண்கள் மாடிப்படியில் உட்கார்ந்து சாப்பிடப் பழகிக்கொண்டார்கள்.

துறைக்குத் தலைவராகச் சென்னையிலிருந்து சரவணகுமார் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். அவருடைய விசிட்டிங் கார்டில் 'தலைமை எண்ண அதிகாரி' என்று போட்டிருந்தது. வந்த அன்றே எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்துப் பேசினார்.

"நம்ம ஆப்புக்குள்ள வர்ற ஒருத்தர் எத்தனை பக்கம் பாக்கறார், ஒவ்வொரு பக்கத்துலயும் எத்தனை செகண்ட் நிக்கறார், எந்த இடத்துல வெளிய போறார், அன்னிக்கு சனிக்கிழமையா செவ்வாய்க்கிழமையா, பக்கத்துல தீபாவளி வருதா, இதெல்லாம் மெஷின் பாத்துக்கிட்டே இருக்கும். அவர் வாங்குவாரா மாட்டாரான்னு அவருக்கு முன்னாடி அது சொல்லிடும். கஸ்டமருக்குத் தன்னோட மனசு கொஞ்சம் லேட்டாத்தான் தெரியவரும். நமக்கு அந்த லேட் கிடையாது."

ஈஸ்வரிக்கு ஒரு சந்தேகம் வந்தது. கையைத் தூக்கினாள்.

"அவங்களயே போன் போட்டுக் கேட்டா சொல்லிட மாட்டாங்களா சார்?"

சரவணகுமார் கோபித்துக்கொள்ளவில்லை. இப்படி ஒரு கேள்வி எங்காவது வரும் என்று எதிர்பார்த்து, வந்துவிட்டதில் திருப்தி அடைந்தவர்போலச் சிரித்தார்.

"கஸ்டமர் வாயால சொல்றது டேட்டா இல்லம்மா. அது வெறும் அபிப்பிராயம்."

மறுநாளிலிருந்து ஒரு வழக்கம் தொடங்கியது. காலை பத்து மணிக்கு எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி அறைக்கு முன்னால் நிற்க வேண்டும். சுவரில் பெரிய திரை. அதில் இயந்திரத்தின் நேற்றைய துல்லியம் சதவீதமாக வரும். ஏறியிருந்தால் கைதட்ட வேண்டும். இறங்கியிருந்தால் ஒரு நிமிஷம் கண்ணை மூடி, நாம் எங்கே தவறினோம் என்று ஒவ்வொருவரும் யோசிக்க வேண்டும். டேப் ஒட்டுகிறவர்களும் யோசித்தார்கள்.

மூன்றாவது வாரம் திரையில் எண்பத்தைந்து என்று வந்தது. சரவணகுமாருக்குக் கண் கலங்கிவிட்டது. நெடுஞ்சாலை வரைக்கும் பேனர் கட்டினார்கள். எல்லோருக்கும் பிரியாணி. மையத்தில் வேலை பார்த்த ஆறு பேரில் ரம்யா என்ற ஒரு பெண் மட்டும் பிரியாணியை எடுத்துக்கொண்டு ஈஸ்வரியின் மேசைக்கு வந்து உட்கார்ந்தாள். பொன்னேரிப் பெண். குடிக்கத் தண்ணீர் பிடிக்க அடிக்கடி அந்தப் பக்கம் வருகிறவள்.

மெஷின் எதைச் சரியாகச் சொன்னது என்று ஈஸ்வரி அவளிடம் கேட்டாள். ரம்யா அக்கம்பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னாள். கடைக்குள் நூறு பேர் வந்தால் பதினைந்து பேர் வாங்குகிறார்கள், எண்பத்தைந்து பேர் சும்மா பார்த்துவிட்டுப் போகிறார்கள். இயந்திரம் இதை நன்றாகப் படித்துக்கொண்டது. யார் வந்தாலும் 'வாங்க மாட்டார்' என்று சொல்லிவிடுகிறது. நூற்றுக்கு எண்பத்தைந்து சரியாகிவிடுகிறது.

"அந்தப் பதினஞ்சு பேரு?"

"அவங்கள மட்டும்தான்கா தப்பா சொல்லுது."

"வாங்கினவங்கள."

"ஆமா."

ஈஸ்வரி கொஞ்ச நேரம் சாப்பிட்டாள். "இன்னிக்கு ஒருத்தனும் வாங்க மாட்டான்னு சொல்றதுக்கு நாலு ஏசியா?" என்று கேட்டாள். ரம்யா எலும்பைக் கடித்தாள்.

ஒரு மாதம் கழித்துத் தலைமை அலுவலகத்தில் யாரோ இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். எவரும் வாங்க மாட்டார் என்றால் கடை எதற்கு என்று கேட்டு ஒரு மின்னஞ்சல் வந்தது. சரவணகுமார் மூன்று நாள் கண்ணாடி அறையை விட்டு வெளியே வரவில்லை. நான்காம் நாள் வந்து, இயந்திரம் இதுவரை அடக்கமாக இருந்துவிட்டது, இனிமேல் அப்படி இருக்காது என்று அறிவித்தார். அடுத்த வாரத்திலிருந்து இயந்திரம் எல்லோரையும் பார்த்து 'வாங்குவார்' என்று சொல்லத் தொடங்கியது.

இதிலும் ஒரு சிக்கல் இருந்தது. வாங்குவார் என்று சொல்லப்பட்டவர்களில் பெரும்பாலானவர்கள் வாங்கவில்லை. காரணம் என்ன என்று ஆராய்ந்த சரவணகுமார், அவர்கள் ஆர்டர் பட்டனை அழுத்தாததுதான் காரணம் என்று கண்டுபிடித்தார். வாடிக்கையாளரின் விருப்பத்துக்கும் பொருளுக்கும் நடுவே அந்தப் பட்டன்தான் தடையாக நிற்கிறது. அதை அகற்றிவிட்டால் ஆயிற்று. இப்படித்தான் 'முன்னனுப்பு' திட்டம் பிறந்தது. இயந்திரம் கைகாட்டியவர்களுக்கு அவர்கள் ஆர்டர் செய்யும் முன்பே பொருளை அனுப்பிவிடுவது. வாசலில் கொடுத்து அங்கேயே பணம் வாங்கிக்கொள்வது.

பெட்டிகளைக் கொண்டுபோகிற வேலை தணிகைவேலுடையது. கும்மிடிப்பூண்டியிலிருந்து ஆரணி, பெரியபாளையம் வரைக்கும் அவனுடைய வண்டிதான். சாயங்காலம் திரும்பி வந்தால் ஈஸ்வரியிடம் கொட்டித் தீர்ப்பான். சர்ச்சில் பிரசங்கம் செய்கிற பாக்கியநாதன் ஐயா திருவிருந்துக்குச் சின்னச் சின்னக் கோப்பைகள் கிடைக்குமா என்று தேடியிருக்கிறார். அவருக்கு இரண்டு டஜன் விஸ்கி கிளாஸ் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து சபை மொத்தமும் வாசலில் நிற்கும்போது தணிகைவேல் பெயரைக் கூவிக் கூப்பிட்டுக் கொடுத்திருக்கிறான். ஆரணியில் ஒருவர், செத்துப்போன மாமியார் படத்துக்கு மாட்ட சரவிளக்கு விலை பார்த்திருக்கிறார். அவருக்குக் கல்யாண மண்டபத்துக்குப் போடுகிற சீரியல் செட்டு மொத்தமாகப் போயிற்று.

"பேஜாராக்கீது க்கா. கதவத் தட்டுனா, நான் கேக்கவே இல்லியேன்றாங்க. கேப்பீங்கன்னு மெஷினு சொல்லிச்சுன்னா அடிக்க வராங்க."

போன பெட்டிகள் எல்லாம் ஈஸ்வரியிடம் திரும்பி வந்தன. மேசையைச் சுற்றிச் சுவர்போல எழும்பி, கூரைத் தகரத்தைத் தொட்டன. அவள் வழக்கம்போலப் போன் போட்டுக் கேட்டுக் காரணத்தை ஏற்றினாள். 'வேண்டாம்', 'வேண்டாம்', 'நான் கேட்கவில்லை', 'வேண்டாம்.'

அந்த வார முடிவில் சுற்றறிக்கை வந்தது. இயந்திரம் வாடிக்கையாளரின் விருப்பத்தை அறிந்தே அனுப்புவதால், 'திரும்பி வந்தது' என்ற சொல் உண்மைக்குப் புறம்பானது. இனி அது 'தாமத ஏற்பு' என்று அழைக்கப்படும். கம்ப்யூட்டரில் காரணப் பட்டியலும் மாறியிருந்தது. பழைய முப்பது காரணங்களில் ஒன்றும் இல்லை. புதிதாக மூன்று இருந்தன: 'வீட்டில் ஆள் இல்லை', 'வாடிக்கையாளர் இன்னும் தயாராகவில்லை', 'இன்ப அதிர்ச்சியால் பேச இயலவில்லை.' பாக்கியநாதன் ஐயா தணிகைவேலைப் பார்த்துக் கத்தியதை எதில் போடுவது என்று ஈஸ்வரி யோசித்தாள். மூன்றாவதில் போட்டாள்.

முத்தம்மாள் வந்தது அதற்கு அடுத்த வாரம்தான்.

ஆரணிக்குப் பக்கத்துக் கிராமம். மூன்று ஏக்கர் நெல், நான்கு மாடு. அறுபது வயதுக்காரி, ஒரு டாட்டா ஏஸ் வண்டியை வாடகைக்குப் பிடித்து, அதன் பின்னால் ஓர் ஆள் உயரப் பெட்டியைக் கட்டி, முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்து இறங்கினாள். பெட்டிக்குள், வீட்டிலேயே நின்ற இடத்தில் ஓடுவதற்கான ட்ரெட்மில் இருந்தது. இரண்டு முறை வேண்டாமென்று தணிகைவேலிடம் திருப்பிக் கொடுத்திருக்கிறாள். மூன்றாவது முறை அவள் வயலில் இருந்தபோது மாட்டுக்கொட்டகையில் இறக்கிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"இது இன்னாத்துக்குமா எனக்கு? நடவு காலத்துல வரப்பு மேல நடக்கறதே போதும், ராத்திரில காலு கடுக்குது. இதுல வேற ஏறி ஓடணுமா?"

ஈஸ்வரி கம்ப்யூட்டரில் பார்த்தாள். முத்தம்மாளின் பெயருக்கு நேரே இயந்திரம் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது போட்டிருந்தது. ஆப்பில் ட்ரெட்மில் இருக்கும் பக்கத்தில் நான்கு மணி நேரம் பதினோரு நிமிஷம் நின்றிருக்கிறாள். கம்பெனி வரலாற்றிலேயே யாரும் ஒரு பொருளை இவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

முத்தம்மாள் நடந்ததைச் சொன்னாள். தார்ப்பாய் விலை பார்க்கலாம் என்று போனை எடுத்திருக்கிறாள். எதையோ தொட, எதுவோ வந்திருக்கிறது. அந்த நேரம் பார்த்துக் கொட்டகையில் செவலைப் பசு கத்தியது. கன்றின் பின்கால் முதலில் வந்து மாட்டிக்கொண்டிருந்தது. போனைச் சார்ஜில் அப்படியே போட்டுவிட்டு ஓடியிருக்கிறாள். போன் அணைந்துபோனால் அவளுக்குத் திறக்கத் தெரியாது என்று மருமகன் அது அணையாதபடி வைத்துக் கொடுத்திருந்தான். கன்றை வெளியே இழுத்து, கழுவி, பால் குடிக்கவைத்து, கையைக் கழுவிக்கொண்டு வந்து பார்க்கும்போது நான்கு மணி நேரம் ஆகியிருந்தது.

ஈஸ்வரி இதை ஒரு வார்த்தை விடாமல் தாளில் எழுதி, முத்தம்மாளிடம் கையெழுத்து வாங்கி, கண்ணாடி அறைக்குள் கொண்டுபோய்க் கொடுத்தாள். சரவணகுமார் அதை இரண்டு முறை படித்தார். பிறகு, முத்தம்மாள் என்ற வாடிக்கையாளர் நேரிலேயே வந்திருக்கிறாரா என்று கேட்டார். ஆமாம் என்றாள். சரவணகுமார் எழுந்து நின்றுவிட்டார். விருப்பத்தின் உச்சம் என்று ஏட்டில் மட்டும் படித்த ஒன்று, டாட்டா ஏஸில் ஏறி வாசலுக்கே வந்திருக்கிறது.

அடுத்த வெள்ளிக்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து இயக்குநர் வரவிருந்தார். வடக்கத்திக்காரர், தமிழ் தெரியாது. அன்றைக்கே விழா என்று முடிவாயிற்று. ஆண்டின் மிகச் சிறந்த விருப்பமுள்ள வாடிக்கையாளர் என்று முத்தம்மாளுக்குப் பட்டம் கொடுத்து, ட்ரெட்மில்லையும் மேடையில் வைத்து மறுபடி கொடுப்பதாகத் திட்டம். வந்தால் பெட்டியை ஒரேயடியாக எடுத்துக்கொள்வார்கள் என்று யாரோ சொன்னதை நம்பி முத்தம்மாள் வரச் சம்மதித்தாள். ஈஸ்வரியின் மூலைக்கு முன்னால் கூரையிலிருந்து தரைவரை ஒரு திரைச்சீலை தொங்கவிட்டார்கள். 'உங்கள் மனம் எங்கள் முகவரி' என்று அதில் அச்சடித்திருந்தது.

வெள்ளிக்கிழமை சரவணகுமார் முக்கால் மணி நேரம் பேசினார். பேச்சின் நடுவே, மனிதனின் விருப்பத்துக்கு மனிதனே இடைஞ்சல் என்றார். அவனை வழியிலிருந்து விலக்கிவிட்டால் வியாபாரம் எவ்வளவு தூய்மையாக நடக்கும் என்று கேட்டார். இயக்குநர் தலையாட்டினார். பிறகு முத்தம்மாளுக்குப் பட்டுச்சால்வை போட்டு மைக்கைக் கொடுத்தார்கள்.

"நான் கேட்டது தார்ப்பா. அத்த வுட்டுட்டு இன்னாத்தயோ அனுப்பிக்கினு கீறாங்க. பசு கன்னு போட்டுச்சு, போன அப்டியே வெச்சுட்டுப் போய்ட்டேன். வேற ஒண்ணுமே இல்ல. எடுத்துக்கினு போய்டுங்க."

இயக்குநர் சரவணகுமாரைப் பார்த்தார். சரவணகுமார் ஆங்கிலத்தில் விளக்கினார். அந்தப் பொருளைப் பார்த்த நேரத்தில் தனக்குள் ஒரு புதிய உயிர் பிறந்ததுபோல இருந்தது என்று அந்தம்மா சொல்கிறார் என்றார். இயக்குநர் நெஞ்சில் கைவைத்து முத்தம்மாளைக் கும்பிட்டார். முத்தம்மாளும் கும்பிட்டாள். அவர் பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சம்மதித்துவிட்டார் என்று அவள் நினைத்தாள். ஈஸ்வரி கூட்டத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ரம்யா பக்கத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் முத்தம்மாள் காரியத்தை முடித்துவிட்டுப் போகிறவள். மேடையில் ட்ரெட்மில்லுக்குச் சக்கரம் இருப்பதைப் பார்த்தாள். போன வாரம் அதை எங்கே இறக்கினாள் என்பதும் ஞாபகம் இருந்தது. சால்வையை இடுப்பில் சுற்றிக்கொண்டு, பொருளைத் தள்ளிக்கொண்டே நேராகப் போய்த் திரைச்சீலையை ஒதுக்கினாள். முகப்பில் முட்டுக்கொடுத்து நின்ற சில பெட்டிகள் சரிந்தன. பின்னால் நூற்றுக்கணக்கில் பெட்டிகள் தகரம்வரை நின்றன.

இயக்குநர் எழுந்து வந்தார். மேசைக்குப் பின்னால் ஓடிவந்து நின்ற ஈஸ்வரியைப் பார்த்து இது என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டார். கேள்வி அவளுக்குப் புரிந்தது. பதிலுக்கான வார்த்தைகள்தான் கொஞ்சமாக இருந்தன.

"நோ வான்ட் சார்," என்றாள். பெட்டிகளின் மேல் கையை ஒரு வீசு வீசிக் காட்டினாள். "ஆல் நோ வான்ட்."

சரவணகுமார் ஒரு நொடிதான் தடுமாறினார். பிறகு இயக்குநரின் காதருகே போய், அந்தம்மாவின் ஆங்கிலம் கொஞ்சம் பழைய பாணி, நம் வாடிக்கையாளர்களுக்கு இனி எந்தக் குறையும் இல்லை என்கிறார் என்றார். இயக்குநர் கைதட்டினார். எல்லோரும் தட்டினார்கள். ஆனால் காரில் ஏறும் முன் இயக்குநர் ஒருமுறை திரும்பி அந்தப் பெட்டிகளை நீண்ட நேரம் பார்த்தார். அவர் பார்ப்பதைச் சரவணகுமார் பார்த்தார். அதன் பிறகு, இத்தனை மாதத்தில் முதல்முறையாக, சரவணகுமார் ஈஸ்வரியை நன்றாகப் பார்த்தார்.

விழா முடிந்த பதினைந்தாம் நாள் ஈஸ்வரியின் கையில் ஒரு கடிதம் கொடுத்தார்கள். 'தாங்கள் அளிக்கவிருக்கும் ராஜினாமாவை நிர்வாகம் வருத்தத்துடன் ஏற்றுக்கொள்கிறது' என்று அதில் இருந்தது.

ஈஸ்வரி கண்ணாடி அறைக்குள் போனாள். செருப்பைக் கழற்ற மறந்துவிட்டாள்.

"நான் எழுதியே குடுக்கலியே சார்."

"குடுப்பீங்கம்மா," என்றார் சரவணகுமார் கனிவாக. இயந்திரம் இப்போது ஊழியர்களின் எண்ணத்தையும் பார்க்கிறது என்று விளக்கினார். ஊழியர்களுக்கான ஆப்பில் பிஎஃப் பக்கத்தில் அவள் பதினொரு நிமிஷம் நின்றிருக்கிறாள். லீவு பக்கத்துக்கு நான்கு முறை போயிருக்கிறாள். பத்து மணிக் கைதட்டலில் மூன்று நாள் அவள் கை அசையவில்லை என்று கேமரா சொல்கிறது. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் வேலையை விடும் எண்ணம் தொண்ணூற்றாறு சதவீதம்.

"பொண்ணுக்கு நர்சிங் காலேஜ்ல பீஸ் கட்டணும், அதுக்குதான் பிஎஃப்ல லோன் வருமான்னு பாத்தேன். வேலய வுடறதுக்கு இல்ல சார். வேல வேணும்னுதான் பாத்தேன்."

"அப்படித்தான் தோணும். எல்லாருக்கும் கடைசிவரைக்கும் அப்படித்தான் தோணும். நீங்க ராத்திரி தூக்கமில்லாம யோசிச்சு, வீட்ல சண்டை போட்டு, கடிதம் எழுதி, அப்புறம் அழுது... அந்த மூணு மாசக் கஷ்டத்தையும் கம்பெனி உங்களுக்கு மிச்சம் பண்ணியிருக்கு. இதை ஒரு சலுகையா பாருங்க."

சால்வையும் தயாராக இருந்தது. அவள் வாங்கிக்கொள்ளவில்லை. வாங்காததைக் கம்ப்யூட்டரில் 'தாமத ஏற்பு' என்று பதிந்துகொண்டார்கள்.

வீட்டில் கணவன் லோகு நம்பவில்லை. இரும்பை உருக்கிக் கம்பியாக்கும் ஆலையில் காண்ட்ராக்டில் வேலை பார்க்கிறவன். உலை எரிகிற நாளில்தான் அவனுக்கு வேலை. இரண்டு மாதமாக உலை எரியவில்லை. ஈஸ்வரியின் சம்பளம்தான் வீட்டைத் தாங்கிக்கொண்டிருந்தது. கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, கோபத்தில் ஏதாவது எழுதிக் கொடுத்தாயா என்று கேட்டான். இல்லை என்றாள். மறுபடியும் கேட்டான். எழுதிக் கொடுக்காமல் எந்தக் கம்பெனியாவது ராஜினாமாவை ஏற்குமா என்றான். அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. அதுதான் அவளுக்கு வலித்தது. சரவணகுமாரிடம் பேசும்போது வராத அழுகை, லோகு மூன்றாவது முறை கேட்டபோது வந்தது. அப்புறம்தான் அவன் நம்பினான். மகள் நந்தினிக்கு இப்போதைக்குச் சொல்ல வேண்டாம் என்று இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டார்கள்.

திருவள்ளூரில் தொழிலாளர் அதிகாரியிடம் மனு கொடுக்கலாம் என்று சொன்னவன் தணிகைவேல். ஆடி மாதம். பெரியபாளையத்துக்குப் போகிற கூட்டம் வேப்பிலையும் மஞ்சள் புடவையுமாகப் பஸ்ஸை அடைத்திருந்தது. ஒற்றைக் காலில் நின்றுகொண்டே போய்ச் சேர்ந்தாள்.

அதிகாரி செண்பகம் என்ற அம்மாள். ஓய்வுபெற இரண்டு வருஷம் இருந்தது. கடிதத்தை வாங்கிப் படித்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார். முப்பது வருஷத்தில் பொய்க் கையெழுத்துப் போட்ட ராஜினாமா பார்த்திருக்கிறேன், வெற்றுத்தாளில் வாங்கிய ராஜினாமா பார்த்திருக்கிறேன், கையெழுத்தே இல்லாமல் இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். கம்பெனிக்கு நோட்டீஸ் போயிற்று.

முதல் விசாரணைக்குச் சரவணகுமார் வரவில்லை. அவருக்குப் பதில் ஒரு கடிதம் வந்தது. இந்த வழக்கு நிர்வாகத்துக்குச் சாதகமாக முடியும் என்று இயந்திரம் எண்பத்தெட்டு சதவீதம் கணித்திருப்பதால், நேரில் ஆஜராவது இரு தரப்புக்கும் கால விரயம் என்று எழுதியிருந்தார். செண்பகம் அதைக் கோப்பில் வைத்துத் துளை போட்டுக் கட்டினார். இரண்டாவது நோட்டீஸை வேறு தொனியில் எழுதினார். அதற்கு வந்தார்கள்.

சரவணகுமாரோடு கம்பெனி வக்கீலும் வந்திருந்தார். வயதானவர். ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து, இந்தக் கட்சிக்காரரை ஏன் ஒப்புக்கொண்டோம் என்ற முகத்தோடு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சரவணகுமார் லேப்டாப்பைத் திறந்து நாற்பது நிமிஷம் விளக்கினார். வரைபடங்கள் வந்தன. செண்பகம் குறுக்கே பேசவில்லை. முடிந்ததும், இதில் இந்தம்மா கையெழுத்து எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

"கையெழுத்துங்கறது எண்ணத்தோட கடைசி ஸ்டெப் மேடம். நாங்க எண்ணத்தையே நேரடியா பாத்துட்டோம். தொண்ணூத்தாறு சதவீதம் உறுதி."

"நூறு இல்லையா?"

"எந்த விஞ்ஞானத்துலயும் நூறு கிடையாது மேடம். ஒரு நாலு சதவீதம் மீதி இருக்கத்தான் செய்யும். அதைக் கணக்குல எடுத்துக்க மாட்டோம்."

செண்பகம் பேனாவால் எதிர் நாற்காலியைக் காட்டினார்.

"அந்த நாலு சதவீதம் இதோ ஒக்காந்துகினு கீதுப்பா. கும்மிடிப்பூண்டிலருந்து பஸ்ல நின்னுக்கினே வந்திருக்குது. கணக்குல எடுத்துக்கோ."

சரவணகுமார் வாயைத் திறந்தார். வக்கீல் முதல்முறையாக ஜன்னலிலிருந்து கண்ணை எடுத்து, அவருடைய முழங்கையைப் பிடித்து வெளியே அழைத்துப்போனார். வராந்தாவில் பத்து நிமிஷம் பேசினார்கள். திரும்பி வந்தபோது சமரசத்துக்குச் சம்மதம் என்று வக்கீல் சொன்னார். அதே வேலை, அதே சம்பளம், இடைப்பட்ட நாட்களுக்கும் சேர்த்து. செண்பகம் தாளை நகர்த்தி, இதிலாவது கையெழுத்துப் போடு என்றார். சரவணகுமார் போட்டார். ஈஸ்வரியும் போட்டாள். வெளியே வந்து, அதே ஊரில் இருந்த நந்தினியின் கல்லூரி வாசலுக்குப் போய், மகளை வரச்சொல்லி, இரண்டு பேரும் ஹோட்டலில் உட்கார்ந்து பூரி சாப்பிட்டார்கள். அப்போதுதான் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். நந்தினி பாதியிலேயே சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். அவள் தட்டிலிருந்ததையும் ஈஸ்வரியே சாப்பிட்டாள். அவளுக்குப் பல நாள் பசி.

திங்கட்கிழமை காலை கிடங்குக்குப் போனபோது வாசலில் பேனர் கட்டியிருந்தது. அதில் அவள் படம். ஏழு வருஷத்துக்கு முன் அடையாள அட்டைக்கு எடுத்தது, பயந்த முகம். 'மீண்டும் வருவார் என அன்றே சொன்னது நம் இயந்திரம்! துல்லியம் 97 சதவீதம்' என்று போட்டிருந்தது. உள்ளே போனால் எல்லோரும் கையில் லட்டோடு நின்றிருந்தார்கள். சரவணகுமாருக்குப் பதவி உயர்வு வந்திருந்தது. இழந்த ஊழியரைத் துல்லியமாக மீட்டெடுத்த கணிப்பைப் பற்றி அவர் அடுத்த மாதம் டில்லியில் பேசப்போகிறாராம்.

ரம்யா லட்டு கொடுக்கிற சாக்கில் பக்கத்தில் வந்தாள். "நேத்து ராத்திரிதான்கா இந்தக் கணிப்ப என்ன ஏத்தச் சொன்னாரு. தேதிய மட்டும் மூணு மாசம் முன்னாடி போடச் சொன்னாரு," என்று உதடு அசையாமல் சொன்னாள்.

சரவணகுமார் போட்டோக்காரரோடு வந்தார். ஈஸ்வரியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். உண்மையாகவே சந்தோஷப்பட்டார்.

"நான் திரும்பி வருவேன்னு அப்பவே தெரியுமா சார்?"

"மூணு மாசம் முன்னாடியே தெரியும்மா."

"அப்ப ஏன் சார் போவச் சொன்னீங்க?"

சரவணகுமார் அவளை இரக்கத்தோடு பார்த்தார். விஞ்ஞானத்தை எளிய மனிதர்களுக்குச் சொல்லிப் புரியவைக்கும்போது அவருக்கு வருகிற பார்வை அது.

"திரும்பி வரணும்னா முதல்ல போகணும் இல்லையாம்மா?"

அவர் முகத்தில் எங்காவது கிண்டல் இருக்கிறதா என்று ஈஸ்வரி தேடிப் பார்த்தாள். இல்லை. மனசார நம்பித்தான் சொல்லியிருந்தார். போட்டோக்காரர் இரண்டு பேரையும் நெருங்கி நிற்கச் சொன்னார். ஏதாவது பேசுங்கள் அக்கா, வீடியோவும் எடுக்கிறேன் என்றார். ஈஸ்வரி முழு லட்டையும் வாயில் போட்டுக்கொண்டாள். வாய் நிறைந்திருக்கிறது, பேச முடியாது என்று கையால் காட்டிவிட்டு, மென்றுகொண்டே வேலைக்குப் போனாள்.